பால்கனியிலிருந்து தெரியாத மேய்ச்சல்

ரோஸ்விதா கோஃப்லருக்கு இரண்டு முழங்காலும் வலித்தன. இன்ஸ்புருக்கில் முதல் ரயில், அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் தபால் பேருந்தில் ஐம்பது நிமிடம், கடைசியில் ஹின்டர்லான் கிராமத்து விடுதியின் முப்பத்தொரு மரப்படிகள். முப்பத்தொன்று என்று எண்ணிச் சொன்னவன் அவளுடைய உதவியாளன் காஸ்பர்.

"பாஸ், இன்னும் ரெண்டு மாடி இருந்தா நமக்கும் மலையேறுனதுக்குப் பதக்கம் குடுத்திருப்பாங்க."

"வாய மூடிக்கிட்டு மூச்சு விடு."

"எனக்குச் சளி பாஸ். வாய மூடுனா மூச்சு நின்னுடும்."

முப்பது வருடம் போலீசில் இருந்துவிட்டு, ஒன்பது வருடமாகத் தனியாகத் துப்பறிகிறவள் ரோஸ்விதா. வயது அறுபத்தொன்று. இந்த ஆகஸ்டோடு கடையைச் சாத்திவிடலாம் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் முடிவு செய்வாள். அன்று காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தபோது எடுக்காமல் திரும்பிப் படுத்திருக்கலாம். எடுத்தாள். சிலருக்குப் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

போன் செய்தவள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ஹெர்மினே ஐஹிங்கர், லின்ஸ் நகரத்துக்காரி, அறுபத்தாறு வயது. சுற்றிலும் தொட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் பூத்துக் குலுங்க, நடுவில் அவள் மட்டும் வாடியிருந்தாள். மடியில் ஒரு பைனாகுலர். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

அவள் கணவர் லியோபோல்ட் ஐஹிங்கர் நேற்றுக் காலை ஏழு மணிக்கு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவர். இன்னும் திரும்பவில்லை. அந்த ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர்களுக்குத் தரும் ஹோஃப்ராட் என்ற பட்டம் அவருக்கு உண்டு. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் பட்டம் ஓய்வு பெறவில்லை. அந்த நாட்டில் புருஷனின் பட்டம் பெண்டாட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஹெர்மினே, ஹோஃப்ராட் அம்மா.

அறை வாசலில் ஒரு ஆள் கையில் வயர்லெஸ்ஸோடு நின்றிருந்தான். ஊரின் மீட்புக் குழுத் தலைவன் ஸ்டெஹர். தாடியில் மண், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"துப்பறியறவங்களா? இங்க துப்பறிய என்னங்க இருக்கு?" என்றான். குரலில் மரியாதையும் எரிச்சலும் பாதிப் பாதி. "ஹோஃப்ராட் ஹோகோஃபெல் சிகரத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அம்மாதான் சொன்னாங்க. நேத்து ராத்திரி எட்டு மணிலேர்ந்து பன்னெண்டு பேர் வடக்குப் பாறைச் சுவர்ல தொங்கிக்கிட்டு இருக்கோம். சிகரத்துல, ஏறுனவங்க பேர் எழுதற நோட்டுல அவர் பேர எழுதல. அப்ப ஏறும்போதே விழுந்திருக்கணும். பாக்காத எடம் ஒண்ணுதான் பாக்கி. கல்லு உருள்ற பள்ளம்."

"எப்ப எறங்கப் போறீங்க?"

"பன்னெண்டு மணிக்கு நாலு பசங்கள எறக்கறேன். மூணு மணிக்கு இடி மழை வருதுன்னு வானிலைக்காரன் சொல்லிட்டான். நாலு பேர் வீட்லயும் சின்னப் புள்ளைங்க இருக்கு. எறக்கவும் மனசில்ல, விடவும் மனசில்ல."

சொல்லிவிட்டு அவன் கீழே போய், முற்றத்தில் ஜீப்பின் மேல் வரைபடத்தை விரித்தான். மணி பத்தேகால். மலைக்கு அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஹெர்மினே அந்தத் திசையைப் பார்க்கவேயில்லை. ரோஸ்விதா அதைக் கவனித்தாள்.

அறை சுத்தமாக இருந்தது. அலமாரிக் கதவில் புதிதாக இஸ்திரி போட்ட விழா உடை தொங்கியது. அடுத்த நாற்காலியில் ஆண்பிள்ளைக் கோட்டு. இருபத்தைந்து கோடையாக இதே ஊருக்கு, இதே விடுதிக்கு, இதே அறைக்கு வருகிற தம்பதி. அதைப் பாராட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேயர் பேண்டு வாத்தியத்தோடு வந்து இருவருக்கும் தங்க முலாம் போட்ட பேட்ஜ் குத்தப் போகிறார். பாலாடைக்கட்டிக் கூடை ஒன்றும் உண்டாம். இன்றைக்குப் புதன்.

"இருபத்தஞ்சு வருஷம் ஒரே ரூமா?" காஸ்பர் மெதுவாகக் கேட்டான். "என் சித்தப்பா கொலைக் கேசுல உள்ள போனவர். அவரக்கூட பதினாலு வருஷத்துல விட்டுட்டாங்க பாஸ்."

"மேசைமேல என்ன இருக்குன்னு பாரு."

மேசைமேல் ஒரு சின்னப் புத்தகம். மலையேறுகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது. ஒவ்வொரு சிகரத்திலும் சிலுவைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் முத்திரையும் மைப்பஞ்சும். ஏறினவர் தானே முத்திரை குத்திக்கொள்ள வேண்டியது. இந்த வருடத்துப் பக்கத்தில் ஹோஃப்ராட் ஐஹிங்கருக்கு ஒன்பது முத்திரை.

"பாஸ், எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கூட இவ்வளவு நேரா சீல் குத்துனது கெடையாது," என்றான் காஸ்பர்.

ரோஸ்விதா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்பதும் கறுப்பாக, கோணலில்லாமல், கட்டத்துக்குள் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தன. அவளும் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் மலையேறினவள்தான். மேலே இருக்கிற மைப்பஞ்சு என்றைக்கும் காய்ந்துதான் கிடக்கும். எச்சில் துப்பி, வாயால் ஊதி, காற்றில் பக்கம் படபடக்க, தொடையில் வைத்து அமுக்கினால் பாதி எழுத்து விழும். அதுவும் சாய்ந்து விழும். அவளுடைய புத்தகத்தில் நேரான முத்திரை ஒன்றுகூட இல்லை.

"இது மேசைல வெச்சுக் குத்துனது," என்றாள் தாழ்ந்த குரலில். "எதிர்த்தாப்புல சுற்றுலா ஆபீஸ் இருக்கு. போய் இந்த முத்திரையப் பத்திக் கேட்டுட்டு வா. ஓடு."

"ஓடணுமா?"

"உனக்குதான் சளி. காலுக்கு ஒண்ணும் இல்லல்ல."

அவன் போனதும் ரோஸ்விதா நாற்காலியில் கிடந்த கோட்டைக் கையில் எடுத்தாள். பைக்குள் விரலை விட்டாள். வெளிர் நிறத்தில் தூள் ஒட்டியது, நடுநடுவே சொரசொரப்பான பரல்கள்.

ஹெர்மினே வெடுக்கென்று எழுந்தாள். "அது… மாவு."

"மாவுன்னு யார் சொன்னா?"

"பாத்தா தெரியலயா?"

ரோஸ்விதா பால்கனியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. இப்படியே உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். எதிரே இருந்தவளைப் பார்த்தால் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தும் நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை.

காஸ்பர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "பாஸ், எல்லா முத்திரைக்கும் அங்க டிராயர்ல இன்னொரு செட் இருக்கு. மேல மை காஞ்சு போச்சுன்னு வந்து சொன்னா குத்திக் குடுத்துடுவாங்களாம். ஆறு வருஷமா இவருக்கு மட்டும் எல்லா மலைலயும் மை காஞ்சிருக்கு. அங்க வேல செய்யற பொண்ணுகிட்ட, சந்தேகமே வரலையாம்மான்னு கேட்டேன். 'ஹோஃப்ராட் பொய் சொல்வாரா'ன்னு என்னையே மொறைக்குது."

ஹெர்மினே பைனாகுலரின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் ரோஸ்விதா. "மலைல விழுந்தவரத் தேட கயிறு வேணும், நாய் வேணும், ஹெலிகாப்டர் வேணும். மூணும் ஸ்டெஹர்கிட்ட இருக்கு. நீங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கு எனக்குப் போன் போட்டீங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு வேவு பாக்கறவ. என்கிட்ட கயிறு கெடையாது. புருஷன் பாறைல விழுந்துட்டார்னு நம்பற பொம்பள என்னக் கூப்பிட மாட்டா. புருஷன் வேற எங்கயோ விழுந்துட்டார்னு நெனைக்கறவதான் கூப்பிடுவா."

கீழே ஸ்டெஹரின் வயர்லெஸ் கரகரத்தது. யாரோ ஒரு பையன், கயிறு தயார் என்று சொன்னான்.

"அவர் ஹோகோஃபெல் போறேன்னு சொல்லவே இல்ல. அப்படித்தான?"

ஹெர்மினே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். எடுத்தபின் எல்லாம் வந்தது.

"ஆறு வருஷமா நடக்குது. காலைல போவார், அஞ்சு மணிக்கு வருவார். மலையேறிட்டு வந்தவர் மேல வேர்வ நாத்தம் இருக்கணுமில்ல? சோப்பு வாசன வரும். எங்கயோ குளிச்சிட்டு வரார். முகத்துல ஒரு சந்தோஷம். லின்ஸ்ல வருஷம் முழுக்கப் பாக்க முடியாத சந்தோஷம். கோட்டுல மாவு. இந்த ஊர்ல மாவு யார்கிட்ட இருக்கும்? ரொட்டிக்கடை நோட்புர்கா. புருஷன் செத்து ஏழு வருஷம் ஆகுது."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"போன வருஷம் போய் நின்னேன். என்னப் பாத்து சிரிச்சா. ரெண்டு ரொட்டி வாங்கிட்டுத் திரும்பிட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "நேத்து ராத்திரி வரலன்னதும் அவ வீட்லதான் தங்கிட்டார்னு நெனச்சேன். விடுதிக்காரி பதறிப் போய் ஸ்டெஹரக் கூட்டிட்டு வந்துட்டா. எங்க போனார்னு அவர் கேக்கறார், ஊரே வாசல்ல நிக்குது. வெள்ளிக்கெழம பேட்ஜ் குத்தப் போறாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்? கண்ணுக்கு எதுத்தாப்புல பெரிசா தெரிஞ்ச மலையச் சொல்லிட்டேன். விடிஞ்சா வந்துடுவார், எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"உங்களுக்குப் போன் பண்ணிட்டு, ஆறு மணிக்குக் கடைய தொறந்ததும் போனேன். கல்லால அவ தம்பி இருந்தான். அவ சால்ஸ்புர்க்ல அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆச்சாம்."

காஸ்பர் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

"அப்பவே ஸ்டெஹர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"பன்னெண்டு பேர் ராத்திரி முழுக்கத் தொங்கிட்டு இருக்காங்க. அவங்க முகத்துல எப்படி முழிக்கறது? ஒவ்வொரு மணியும் சொல்லணும்னு நெனைக்கறேன். ஒவ்வொரு மணி போகப் போக இன்னும் சொல்ல முடியாம போகுது."

ரோஸ்விதா தன் விரலில் ஒட்டியிருந்த தூளை நாக்கில் வைத்தாள். சப்புக் கொட்டினாள். அவள் பிறந்தது மாட்டுக்கார வீட்டில். அந்த ருசியை நாக்கு மறக்கவில்லை.

"இது மாவு இல்லம்மா. தவிடு. கூடவே கல்லுப்பு. மேய்ச்சல்ல மாட்டக் கிட்டக் கூப்பிட உள்ளங்கைல வெச்சு நீட்டுவாங்க. சோப்பு வாசன எதுக்குன்னா, சாணி நாத்தத்தோட உங்க முன்னாடி வந்து நிக்க முடியாது, அதுக்கு." கோட்டை மடித்து அவள் மடியில் வைத்தாள். "ஆறு வருஷமா இத உதறி உதறி வெளிய கொட்டியிருக்கீங்க. ஒரு தடவகூட நாக்குல வெச்சுப் பாக்கல."

ஸ்டெஹரை மேலே கூப்பிட்டார்கள். ஹெர்மினேதான் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள், ஒரு வார்த்தையையும் மழுப்பவில்லை. அவன் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"நாலு புள்ளைங்கள எறக்க இருந்தேன்," என்றான். வயர்லெஸ்ஸை வாயருகே வைத்து, எல்லோரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழே வாருங்கள் என்று மட்டும் இரண்டு முறை சொன்னான்.

"இந்த ஊருக்கு மலை மேய்ச்சல் எத்தன?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"நாலு இருக்கு. நாலும் நாலு திசை. மழைக்குள்ள ஒண்ணுதான் பாக்க முடியும். ஹெலிகாப்டர மறுபடி கெளப்பணும்னா எடத்த சரியாச் சொல்லணும்."

ரோஸ்விதா கை நீட்டினாள். ஹெர்மினே பைனாகுலரைக் கொடுத்தாள். ரோஸ்விதா நாற்காலியை விட்டு எழாமலே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். பச்சைச் சரிவில் ஒரு குடிசை. தள்ளி இன்னொன்று. காட்டுக்கு மேலே மூன்றாவது.

"அம்மா, நீங்க நாள் முழுக்க இங்கதான உக்காந்திருப்பீங்க? இதோடதான்?"

"வேற என்ன வேல எனக்கு?"

"ஸ்டெஹர், இங்கேருந்து மூணுதான் தெரியுது. பெண்டாட்டி பைனாகுலரோட உக்காந்திருக்கான்னு தெரிஞ்ச புருஷன் இந்த மூணுக்கும் போக மாட்டான். நாலாவது எங்க இருக்கு?"

"சர்ச் மேட்டுக்குப் பின்னாடி. நிழல் மேய்ச்சல்னு சொல்லுவோம். விகில்னு ஒருத்தன் பாத்துக்கறான். அங்க போன் எடுக்காது."

"பாஸ், இத ரயில்லயே கண்டுபிடிச்சிருந்தீங்கன்னா முப்பத்தொரு படி மிச்சமாயிருக்கும்," என்றான் காஸ்பர்.

ஜீப்பில் இடம் இல்லை என்று ஸ்டெஹர் சொன்னதை ஹெர்மினே காதில் வாங்கவில்லை. வீட்டுச் செருப்போடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். காஸ்பர் பின்னால் கயிற்றுச் சுருளுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தான். நாற்பது நிமிடம் ஜீப் குலுங்கியதில் ரோஸ்விதாவின் முழங்கால் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக விசாரித்தது. இருபத்தைந்து வருடத்தில் ஹெர்மினே அந்த ஊரில் சர்ச்சைத் தாண்டி மேலே வந்தது அதுதான் முதல் தடவை.

நிழல் மேய்ச்சலில் ஒரு தாழ்ந்த மரக்குடிசை, வாசலில் தண்ணீர்த் தொட்டி, தொட்டி விளிம்பில் ஒரு சோப்பு. ஹெர்மினே அந்தச் சோப்பையே பார்த்தபடி இறங்கினாள். பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஐம்பது வயது, வெயிலில் வெந்த முகம்.

"என்ன இவ்வளவு கூட்டம்?" என்றான் விகில். "அந்தப் பக்கம் யாரோ ஹோஃப்ராட் விழுந்துட்டாராமே? பாலெடுக்க வந்தவன் சொன்னான். எழுபது வயசுல எதுக்கு இவங்களுக்கெல்லாம் சிகரம்? ஆபீஸ்ல நாற்காலில ஏறி எறங்குனது பத்தாதா?"

"உனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வருவாரே?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"போல்டியா? ஆறு வருஷமா வரான். வருஷத்துல ரெண்டு வாரம். சம்பளம் வேணாம்பான். மோர் குடிப்பான், சாணி அள்ளுவான், வேலி கட்டுவான். திட்டுனா சிரிப்பான். நல்ல ஆளு."

ஹெர்மினே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி லியோபோல்டச் சுருக்கி நான் கூப்பிட்ட பேர் அது," என்றாள். "அவருக்குப் பட்டம் வந்த அன்னிக்கு நிறுத்திட்டேன்."

விகில் ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தான். "யாருக்குப் பட்டம்?"

"போல்டிதான்டா ஹோஃப்ராட்!" ஸ்டெஹர் கத்தினான். "அவர் யாருன்னு நீ கேக்கவே இல்லையா?"

"மேல வந்தா பேர் மட்டும்தான? நீயும்தான் இங்க வந்தா வெறும் ஸ்டெஹர். குடும்பப் பேரும் உத்தியோகமும் கேட்டு நான் என்ன மாட்டுக்கா சொல்லப் போறேன்? கை மெத்துனு இருந்துச்சு. பாதிரியாரா இருப்பான்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவனுக்கு உறைக்க ஆரம்பித்தது. வாளியைக் கீழே வைத்தான். "அவன் வீட்டுக்குப் போகலையா?"

நடந்தது இவ்வளவுதான். நேற்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு கிடேரி மந்தையை விட்டுத் தப்பி மேலே ஏறிவிட்டது. போல்டி தேடப் போனார். சாயங்காலம் கிடேரி தானாகவே இறங்கி வந்தது. ஆளைக் காணோம். மேலிருந்து ஊருக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு, அந்த வழியாகவே போயிருப்பான் என்று விகில் நினைத்தான். இன்றைக்கு வராதபோது, விடுமுறைக்காரன்தானே, விடுமுறை முடிந்திருக்கும் என்று விட்டுவிட்டான். ஒரு மலையில் ஹோஃப்ராட்டைத் தேடினார்கள். இன்னொரு மலையில் போல்டியை யாருமே தேடவில்லை.

மணி பன்னிரண்டரை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே சரிவு அகலமாக விரிந்து கிடந்தது. பாறை, குட்டைப் பைன் புதர், மறுபடி பாறை.

"இத முழுக்க அலசறதுக்கு அம்பது பேர் வேணும்," என்றான் ஸ்டெஹர்.

"கூப்பிடலாம், பதில் வருதான்னு பாக்கலாம்," என்று விகில் கையை வாயில் குவித்தான். பிறகு சலித்துக்கொண்டான். "காலைலேர்ந்து எல்லாமே கோளாறு. இந்தக் கிடேரிங்களும் எறங்கி வரல. ஒம்போது மணிக்கு உப்புக்கு ஓடி வரதுங்க, இன்னிக்கு தொண்ட கிழியக் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

ரோஸ்விதா முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "தினமும் உப்பு குடுக்கறது யாரு?"

"இந்த ரெண்டு வாரமா அவன்தான். பையில எப்பவும் வெச்சிருப்பான்."

"கிடேரிங்க எங்க இப்ப?"

அவன் கை காட்டினான். உயரத்தில் ஒரு ஓடைப் பள்ளம், அதன் விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கும்பல், தலைகளெல்லாம் ஒரே பக்கம் குனிந்து.

"அங்க புல்லு இருக்கா?"

"புல்லா? வெறுங்கல்லு. அதான் எனக்கும் புரியல. எதுக்கு அங்க போய்…" விகில் பாதியில் நிறுத்தினான்.

"உப்பு அங்கதான் இருக்கு," என்றாள் ரோஸ்விதா.

ஸ்டெஹரும் விகிலும் ஓடினார்கள். காஸ்பர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் ஓடினான். ஹெர்மினே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். எல்லோருக்கும் கடைசியாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகலோடு, ரோஸ்விதா.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆளைப் பள்ளத்திலிருந்து தூக்கி விளிம்பில் கிடத்தியிருந்தார்கள். இடது கால் ஆகாத கோணத்தில் மடங்கியிருந்தது. உதடு நீலம். ஆனால் கண் திறந்திருந்தது. கிடேரிகள் நகர மறுத்துச் சுற்றி நின்று, பெரிய மூச்சாக விட்டன. இராத்திரி முழுவதும் இரண்டு கிடேரி பள்ளத்துக்குள் இறங்கிப் பக்கத்திலேயே படுத்திருந்தன, அந்தச் சூட்டில்தான் பிழைத்தேன் என்று அவர் ஸ்டெஹரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று ஸ்டெஹர் வயர்லெஸ்ஸோடு ஓடினான்.

அப்புறம்தான் லியோபோல்ட் ஐஹிங்கர் மனைவியைப் பார்த்தார். அவள் வெறும் காலைப் பார்த்தார்.

"ஹெர்மினே. நீ எப்படி இங்க?"

"நீ எப்படி இங்க? அத மொதல்ல சொல்லு. ஒரு பொம்பளையா இருந்தாக்கூட சண்ட போட்டிருப்பேன். மாட்டுகிட்டப் போய் நான் என்ன கேக்கறது?"

அவர் சிரிக்கப் போய் வலியில் முகம் சுளித்தார். "ரிட்டயர் ஆனப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. உனக்குத் தெரியும். ஒரு வேலையும் இல்ல, ஆனா எல்லாரும் ஹோஃப்ராட்னு கூப்பிடறாங்க. ஒருநாள் வழி தவறி இங்க வந்தேன். இவன் என்னப் பாத்து, 'சும்மா நிக்காத, அந்த வாளிய எடு'ன்னான். எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி தூங்குனேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"நீ இந்த ஊருக்கு ஹோஃப்ராட் அம்மாவா வர. மேயர், பேட்ஜ், பால்கனி, எல்லாம் உனக்குப் பிடிச்சது. சாணி அள்ளறேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

ஹெர்மினே அவரையே பார்த்தாள். கோபம் வர இருந்த இடத்தில் வெறும் அசதிதான் வந்தது.

"எனக்கு அந்த பால்கனியே பிடிக்காது, போல்டி. கடலுக்குப் போகணும்னு ஆச. உனக்கு மலைன்னா உசுருன்னு நெனச்சு இருபத்தஞ்சு வருஷமா உக்காந்திருந்தேன்."

போல்டி என்று கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரி இருந்தது. கை மட்டும் அவள் பாதத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டது.

ரோஸ்விதா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ புருஷன்மாரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். திரும்பக் கிடைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டிகள் ரொம்பக் கொஞ்சம். இந்த வேலையில் அலுத்துப்போனது அதில்தான்.

மழைக்கு முன்னால் ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சருக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் இடம் இருந்தது. அது மேட்டைத் தாண்டி மறைகிறவரை ஹெர்மினே கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெஹர் அவளருகே வந்து நின்றான்.

"அந்தப் பன்னெண்டு பேரையும் நான் நேர்ல பாக்கணும்," என்றாள் அவள். "ஒவ்வொருத்தரையா."

"பாருங்க. திட்டுவாங்க."

"திட்டட்டும்."

காஸ்பர் ரோஸ்விதாவின் காதருகே குனிந்தான். "பாஸ், வெள்ளிக்கெழம மேயர் பேட்ஜ யாருக்குக் குத்துவார்? கிடேரிக்கா?"

"ஒண்ணு மிச்சமானா உனக்கு, வாயிலயே குத்தச் சொல்றேன்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது போல்டியின் மேலிருந்து கழற்றிப் போட்டிருந்த கோட்டை விகில் எடுத்து உதறினான். பையிலிருந்து ஒரு பிடி தவிடும் உப்பும் அள்ளினான். கிடேரிகள் காதை விடைத்தன.

"காலைலேர்ந்து இதுங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. எனக்குக் கீழ வேல கெடக்கு," என்றான். ஹெர்மினேயைப் பார்த்தான். "உன் பேர் என்ன?"

"ஹோஃப்…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஹெர்மினே."

"கைய நீட்டு ஹெர்மினே. விரல மடக்காத, கடிச்சுடும்."

அவள் நீட்டினாள். முதல் கிடேரி வந்து சொரசொரத்த நாக்கால் நக்கியது. அவள் முகம் கோணியது, கை பின்வாங்கவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவது முட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தது. ஜீப்புக்கு வரச் சொல்லி ஸ்டெஹர் கூப்பிட்டான். அவள் போகவில்லை.

விகில் தன் கையில் மிச்சமிருந்ததையும் அவள் உள்ளங்கையில் கொட்டிவிட்டுப் போனான். அதுவும் தீர்ந்த பிறகு, அவள் கோட்டுப் பையைப் புரட்டி மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.